மூன்று முறை முறிந்தும் முறியாத சாதனை: கூடைப்பந்தில் விடுபட்ட பெயர்கள்

2024ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விளையாட்டுப் பக்கத்தைத் தொடர்ந்து படித்தவர்கள் குழம்பிப் போனதில் வியப்பில்லை. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய கெய்ட்லின் கிளார்க், பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் மிக அதிகப் புள்ளிகள் குவித்த வீராங்கனை ஆகிவிட்டார் என்று பிப்ரவரி 15 ஆட்டத்துக்குப் பின் செய்தி வந்தது. பிப்ரவரி 28 அன்று ஏறக்குறைய அதே செய்தி மறுபடியும் வந்தது. மார்ச் 3 அன்று மூன்றாவது முறையாக வந்தது. ஒரு சாதனையை ஒருவர் ஒரு முறைதானே முறியடிக்க முடியும்? போதாக்குறைக்கு, இந்தச் சாதனைகளை எல்லாம் 1979இலேயே மிஞ்சிவிட்ட இன்னொரு பெண் உண்டு என்ற ஒற்றை வரியும் சில செய்திகளின் கடைசிப் பத்தியில் இருந்தது.

அந்தக் கடைசி வரிக்கு உரியவர் பேர்ல் மோர். அவர் கடைசி வரிக்குத் தள்ளப்பட்டது எப்படி என்று புரிந்துகொண்டால், கூடைப்பந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பலருடைய பெயர் நம் காதுக்கே எட்டாமல் போனதற்கான காரணமும் விளங்கிவிடும். திறமைக் குறைவோ காலத்தின் தூரமோ மட்டும் அதற்குக் காரணமாக இருந்ததில்லை. கணக்கு எழுதிய ஏடு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதே பெரும்பாலும் அவர்களின் இடத்தைத் தீர்மானித்திருக்கிறது.

ஒரே சாதனைக்கு நான்கு ஏடுகள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை இன்று நடத்தும் பெரிய அமைப்பின் பெயர் என்சிஏஏ. ஆனால் 1970களில் பெண்கள் விளையாட்டை அது நடத்தவில்லை. அந்தப் பொறுப்பை ஏஐஏடபிள்யூ என்ற தனிச் சங்கம் ஏற்றிருந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் 2024இன் குழப்பம் தானாகவே அவிழும்.

1. என்சிஏஏவின் பெண்கள் ஏட்டில் முதலிடத்தில் இருந்தவர் கெல்சி பிளம், 3,527 புள்ளிகள். பிப்ரவரி 15 அன்று கிளார்க் தாண்டியது இதைத்தான்.

2. ஏஐஏடபிள்யூ காலத்தின் பெரிய கல்லூரிகளில் முதலிடம் கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் லினெட் வுடார்டுக்கு, 3,649 புள்ளிகள். பிப்ரவரி 28 அன்று தாண்டப்பட்டது இது.

3. என்சிஏஏவின் ஆண்கள் ஏட்டில் முதலிடம் பீட் மாராவிச்சுக்கு, 3,667 புள்ளிகள். ஆண், பெண் இரு ஏடுகளையும் சேர்த்து வைத்தால் மார்ச் 3 அன்று முந்தப்பட்டவர் இவர். முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடக் கூடாது என்ற விதி அப்போது இருந்ததால், மாராவிச் மூன்றே பருவங்களில், 83 ஆட்டங்களில் இதைக் குவித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

4. சிறு கல்லூரிகளையும் கணக்கில் கொண்டால் பேர்ல் மோரின் 4,061 புள்ளிகள் வருகின்றன. தென் கரோலினாவில் ஓர் இளநிலைக் கல்லூரியில் 177 புள்ளிகளும், பிறகு பிரான்சிஸ் மேரியன் கல்லூரியில் 3,884 புள்ளிகளும் அவர் எடுத்தார். கிளார்க் 3,951 புள்ளிகளுடன் தம் கல்லூரி ஆட்டத்தை முடித்துக்கொண்டார். மோரை எட்ட அவருக்கு இன்னும் 110 புள்ளிகள் தேவைப்பட்டன.

ஆக, கிளார்க் மீது குற்றம் ஏதுமில்லை. அவர் தாண்டியவை மூன்று வெவ்வேறு கோடுகள். குறை, ‘ஒட்டுமொத்தச் சாதனை’ என்ற சொல்லை எந்த ஏட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமலே பயன்படுத்தியதில் இருக்கிறது.

ஏஐஏடபிள்யூவின் கணக்கு ஏன் என்சிஏஏவின் கணக்கில் சேரவில்லை? கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் அமெரிக்காவில் 1972இல் வந்தது. பெண்கள் விளையாட்டு அதற்குப் பின் வேகமாக வளர்ந்தது. வளர்ந்து, தொலைக்காட்சியின் கண்ணிலும் பட்ட பிறகு, 1981-82 பருவத்தில் என்சிஏஏ தானே பெண்களுக்கான வெற்றியாளர் போட்டிகளைத் தொடங்கியது. உறுப்பினர்களை இழந்த ஏஐஏடபிள்யூ நீதிமன்றம் சென்று தோற்று, மூடிக்கொண்டது. போட்டிகள் கைமாறின; பழைய புள்ளிக் கணக்குகள் கைமாறவில்லை. ஒரு வீட்டை விலைக்கு வாங்கியவர் அதில் முன்பு குடியிருந்தவர்களின் பெயர்களைப் பத்திரத்தில் எழுதுவதில்லை அல்லவா, அதுபோன்ற நிலைமை இது. வுடார்ட் பின்னர் 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்குத் தலைவியாக இருந்தார். ஊர் ஊராகச் சென்று வித்தை காட்டி ஆடும் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியில் ஆடிய முதல் பெண்ணும் அவரே. அத்தகையவரின் எண்ணையே தலைமை அமைப்பு தன் ஏட்டில் வைத்துக்கொள்ளவில்லை என்றால், சிறு கல்லூரியில் ஆடிய மோரின் கதி என்னவாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். நைஸ்மித் புகழ்க்கூடம் 2021இல்தான் மோரைச் சேர்த்துக்கொண்டது. ‘ஹால் ஆஃப் ஃபேம்’ எனப்படும் இந்தக் கூடம், ஆட்டத்தின் மேன்மக்களை ஆண்டுதோறும் தேர்ந்து பெயர் பொறிக்கும் நிறுவனம். இனி இக்கட்டுரையில் ‘புகழ்க்கூடம்’ என்று வரும் இடங்களில் வேறு குறிப்பு இல்லையேல் அதையே குறிக்கும்.

எண்ணாமல் விட்டவை

ஏட்டின் எல்லை ஒரு பக்கம் இருக்க, ஏட்டுக்குள்ளேயே எதை எண்ணினார்கள் என்ற கேள்வியும் உண்டு. எதிரணியின் பந்து வளையத்தை நோக்கிப் போகும்போது தட்டிவிடும் தடுப்புகளையும், எதிரணியின் கையிலிருந்து பந்தைக் கவரும் பறிப்புகளையும் என்பிஏ 1973-74 பருவத்திலிருந்துதான் எண்ணத் தொடங்கியது. என்பிஏ என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். 13 பருவங்களில் 11 முறை வாகை சூடிய பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் நடுநாயகமான பில் ரசல் 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். பந்தைத் தடுப்பதையே ஒரு கலையாக்கிய அந்த மனிதரின் பெயருக்கு நேரே அதிகாரபூர்வத் தடுப்பு எண்ணிக்கை ஒன்றுகூடக் கிடையாது.

ரசலுக்கு 11 வாகைகள் சாட்சி சொல்கின்றன. அவர் காலத்தில் சுமாரான அணிகளில் தடுப்பாட்டத்தையே தொழிலாகக் கொண்டிருந்தவர்களுக்கு அப்படிச் சாட்சி சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. அப்பாலிருந்து எறிந்தால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோடும் இப்படித்தான். என்பிஏவில் அது 1979-80இல் வந்தது. பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் 1987-88இல் வந்தது. அதற்கு முன் தொலைவிலிருந்து எறிந்தவர்களுக்கு ஒவ்வோர் எறியிலும் ஒரு புள்ளி குறைவு. வுடார்டும் மோரும் ஆண்களுக்கான பெரிய பந்தைக் கொண்டே ஆடினார்கள் என்பதும் ஒப்பிடுகிறவர்கள் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி.

‘முதல்வர்’ என்ற பட்டம் யாருக்கு?

ஏட்டின் எல்லை எண்களை மட்டும் மாற்றுவதில்லை, வரலாற்றையே மாற்றிவிடும். இதற்கு நியூயார்க் ரெனைசன்ஸ் அணியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது.

செயின்ட் கிட்ஸ் தீவிலிருந்து குடியேறிய ராபர்ட் டக்லஸ் 1923இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இந்த அணியைத் தொடங்கினார். ஆட்டக்காரர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். அவர்களுக்கு ஆடுகளம் கிடைக்கவில்லை. ரெனைசன்ஸ் என்ற நடன மண்டபத்தின் உரிமையாளரிடம், மண்டபத்தின் பெயரை அணிக்குச் சூட்டுவதாகச் சொல்லி இடம் பெற்றார் டக்லஸ். நடனத்துக்காக மெழுகிப் பளபளப்பாக்கிய தரையில் ஆட்டம் நடக்கும். ஆட்டம் முடிந்ததும் அதே தரையில் இசையும் நடனமும் தொடரும். வெளியூர்ப் பயணங்களில் விடுதிகளும் உணவகங்களும் கதவைச் சாத்தியதால், அணியின் பேருந்திலேயே உண்டு உறங்கிய நாள்கள் அவர்களுக்கு உண்டு. 1932-33 பருவத்தில் இந்த அணி தொடர்ச்சியாக 88 ஆட்டங்களில் வென்றது.

1939 மார்ச்சில் சிகாகோவில் முதன்முறையாக உலகத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. வெள்ளையர் அணிகளும் கறுப்பினத்தவர் அணிகளும் மோதிய அதன் இறுதியாட்டத்தில் ரெனைசன்ஸ் அணி ஒஷ்கோஷ் ஆல்-ஸ்டார்ஸ் அணியை 34-25 என்று வென்றது. வெற்றியைக் கொண்டாட டக்லஸ் ஆட்டக்காரர்களுக்கு மேலங்கி தைத்துக் கொடுத்தார். முதுகில் ‘கலர்ட் வேர்ல்ட் சாம்பியன்ஸ்’ என்ற சொற்கள் இருந்தன. நிறத்தவரில் உலக வெற்றியாளர்கள் என்று பொருள். பனாமாவில் பிறந்த ஜான் ஐசக்ஸ் என்ற இளம் ஆட்டக்காரர் ஒரு சவர அலகை எடுத்து, முதல் சொல்லின் தையலைப் பிரித்து அதை மட்டும் நீக்கிவிட்டார். மேலங்கியைப் பாழாக்குகிறாயே என்று டக்லஸ் கேட்டபோது, அதைச் சரிசெய்வதாகவே ஐசக்ஸ் விடை சொன்னார். மிஞ்சிய இரண்டு சொற்கள் நடந்ததை நடந்தபடியே சொல்லின.

அந்த ஐசக்ஸ் பிற்காலத்தில் பல பத்தாண்டுகள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் சிறுவர் மன்றம் ஒன்றில் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்தார். 2009இல் மறைந்தார். புகழ்க்கூடம் அவரைச் சேர்த்தது 2015இல். அணியை மொத்தமாக 1963இலேயே சேர்த்திருந்தார்கள் என்றாலும், அணி என்ற மூட்டைக்குள் தனி மனிதர்களின் பெயர்கள் அரை நூற்றாண்டு கட்டுண்டு கிடந்தன.

இப்போது ஏட்டின் எல்லைக்கு வருவோம். என்பிஏ தன் பிறந்த ஆண்டாக 1946ஐக் கொள்கிறது. அவ்வாண்டு தொடங்கிய பிஏஏ என்ற லீக், 1937 முதல் நடந்துவந்த என்பிஎல் என்ற மற்றொரு லீக்குடன் 1949இல் இணைந்துதான் என்பிஏ உருவானது. இணைந்தவை இரண்டு, என்பிஏ தன் வரலாறாகக் கொண்டது பிஏஏவின் ஏட்டை மட்டும். இதன் விளைவுகளைப் பாருங்கள்.

1. என்பிஎல் அணிகள் இரண்டு 1942இலேயே கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொண்டன. ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு 1950இல், என்பிஏவில் சக் கூப்பர், நேட் கிளிஃப்டன், ஏர்ல் லாய்ட் ஆகிய மூவரோடு தொடங்குகிறது. அதிலும் கூப்பர், அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளும் ‘டிராஃப்ட்’ என்ற ஆண்டுத் தேர்வில் மூவரில் முதலில் எடுக்கப்பட்டவர். லாய்ட் அக்டோபர் 31 அன்று முதலில் களமிறங்கியவர். ‘முதல்வர்’ யார் என்பது கேட்கும் கேள்வியைப் பொறுத்தது.

2. ரெனைசன்ஸ் அணி 1948-49 பருவத்தில் டேட்டன் நகரின் பெயரில் என்பிஎல்லில் ஆடியது. அதன் ஆட்டக்காரரும் பயிற்றுநருமாக இருந்தவர் கறுப்பினத்தவரான பாப் கேட்ஸ். இருந்தும், என்பிஏ ஏட்டின்படி முதல் கறுப்பினப் பயிற்றுநர் 1966இல் பொறுப்பேற்ற பில் ரசலே.

3. பிஏஏ ஏடு செல்லுபடியானதால் மீண்டு வந்த பெயர் ஒன்றும் உண்டு. யூட்டா மாநிலத்தில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்த வாட்டரு மிசாக்கா 1947இல் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு மூன்று ஆட்டங்கள் ஆடி ஏழு புள்ளிகள் எடுத்தார். உயரம் 170 சென்டிமீட்டர்தான். இன்று என்பிஏ எனப்படும் லீக்கில் ஆடிய வெள்ளையரல்லாத முதல் ஆட்டக்காரர் அவர். யூட்டா பல்கலைக்கழக அணியுடன் 1944இல் தேசிய வாகை சூடினார்; பிறகு அமெரிக்க ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, ஹிரோஷிமாவில் உயிர் தப்பியவர்களிடம் வாக்குமூலம் பெறும் பணியில் இருந்தார்; திரும்பி வந்து 1947இல் மறுபடியும் பல்கலைக்கழக அணியுடன் வென்றார். நிக்ஸ் அவரை விடுவித்ததும் ஊர் திரும்பிப் பொறியாளராக வாழ்ந்து 2019இல் மறைந்தார். ஏழே புள்ளிகள் எடுத்தவரைத் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று சொல்ல முடியுமா என்று கேட்கலாம். அந்த இரண்டு கல்லூரி வாகைகளையும் இடைப்பட்ட ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

லூசியா ஹாரிஸ்: ஆட இடம் இல்லாமல் போனவர்

இதுவரை பார்த்தவர்களுக்கு ஆட்டம் இருந்தது, ஏடு இல்லை. லூசியா ஹாரிஸின் சிக்கல் வேறு வகையானது. 22 வயதில் உச்சத்தைத் தொட்ட அவருக்கு, அதற்கு மேல் ஆடுவதற்கே ஒரு லீக் இல்லை.

மிசிசிப்பி மாநிலத்தின் மின்டர் சிட்டி என்ற சிற்றூரில் 1955இல், பதினொரு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் பத்தாவதாகப் பிறந்தார். உயரம் 191 சென்டிமீட்டர். டெல்டா ஸ்டேட் கல்லூரி அணி அவருடைய காலத்தில் 1975, 1976, 1977 என்று மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து தேசிய வாகை சூடியது. பெண்கள் கூடைப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1976இல், மாண்ட்ரியாலில். அதன் முதல் புள்ளிகளை எடுத்தவர் ஹாரிஸ். எதிரணி ஜப்பான், அந்த ஆட்டத்தில் ஜப்பானே வென்றது என்பது ஆசிய வாசகர்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி. அமெரிக்கா இறுதியில் வெள்ளி பெற்றது.

1977இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்ற என்பிஏ ஆண்கள் அணி, ஆண்டுத் தேர்வின் ஏழாம் சுற்றில் ஹாரிஸின் பெயரை அறிவித்தது. அவர் போகவில்லை. திருமணமாகியிருந்தது; ஆண்களுடன் போட்டியிட முடியும் என்று தாம் நினைக்கவில்லை என்றும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தேர்வைக் கதையின் சிகரமாக எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது கதையின் மிகச் சிறிய பகுதியாகவே தோன்றுகிறது. அதே ஆண்டில் கல்லூரியை முடித்த ஓர் ஆணுக்கு, ஹாரிஸின் தகுதியில் பாதி இருந்திருந்தாலும், சம்பளமும் தொலைக்காட்சி வெளிச்சமும் கொண்ட பத்தாண்டு காத்திருந்தது. ஹாரிஸுக்கு, 1979-80இல் ஹூஸ்டன் பெண்கள் அணியில் கிடைத்த ஒரு குறுகிய பருவத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பெண்களுக்கான டபிள்யூஎன்பிஏ தொடங்கிய 1997இல் அவருக்கு 42 வயது. இடைப்பட்ட காலத்தில் மிசிசிப்பியில் பள்ளி ஆசிரியராகவும் பயிற்றுநராகவும் வேலை பார்த்தார். மனநலச் சிக்கலுடன் நெடுங்காலம் போராடினார்.

1992இல் நெரா ஒயிட் என்ற டென்னசி வீராங்கனையுடன் சேர்த்து, புகழ்க்கூடத்தில் ஆட்டக்காரராக இடம்பெற்ற முதல் பெண்கள் என்ற சிறப்பு ஹாரிஸுக்குக் கிடைத்தது. ஆயினும் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது 2021இல் வந்த ஓர் ஆவணக் குறும்படத்தால். 2022 ஜனவரி 18 அன்று, 66 வயதில் ஹாரிஸ் காலமானார். குறும்படத்துக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது அடுத்த மார்ச்சில்.

மறுபடியும் கண்டெடுப்பதில் பணமும் அடங்கும்

பழைய ஆட்டக்காரர்களை நினைவுகூர்வது மரியாதை சார்ந்த விஷயம் மட்டும் என்று நினைப்பவர்கள் ஏபிஏவின் கதையை அறிந்துகொள்ளவேண்டும். 1967 முதல் 1976 வரை என்பிஏவுக்குப் போட்டியாக நடந்த லீக் இது. சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்த பந்து இதன் அடையாளம். 1976இல் இதன் நான்கு அணிகளை மட்டும் என்பிஏ ஏற்றுக்கொண்டது, ஏட்டை ஏற்கவில்லை. அதனால்தான் ஜூலியஸ் எர்விங் தம் வாழ்நாளில் 30,026 புள்ளிகள் எடுத்திருந்தும் என்பிஏ பட்டியலில் 18,364 என்றே காட்டப்படுகிறார்.

எர்விங் புகழ்பெற்றவர், அவருக்கு நட்டம் பெரிதில்லை. புரூக்ளினில் வளர்ந்த கானி ஹாக்கின்ஸும் ரோஜர் பிரவுனும் அனுபவித்தது வேறு. 1961இல் சூதாட்டக்காரர்கள் கல்லூரி ஆட்டங்களின் புள்ளிகளை வளைத்த விவகாரம் வெடித்தபோது, எந்தக் குற்றமும் சாட்டப்படாத இவ்விருவரையும் கல்லூரிகள் வெளியேற்றின, என்பிஏ தடை செய்தது. ஹாக்கின்ஸ் அப்போது படித்தது, பின்னாளில் கிளார்க் ஆடிய அதே ஐயோவா பல்கலைக்கழகம். ஏபிஏவின் முதல் பருவத்திலேயே அவர் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றார். என்பிஏமீது வழக்குத் தொடுத்து 1969இல் உள்ளே நுழைந்தபோது அவருக்கு வயது 27. பிரவுன் டேட்டன் நகரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டே உள்ளூர் அணிகளில் ஆடிக்கொண்டிருந்தார். பிறகு ஏபிஏவின் இண்டியானா பேசர்ஸ் அணியை வாகை சூடவைத்தார். 1997இல் மறைந்த அவர் புகழ்க்கூடத்தில் சேர்ந்தது 2013இல்.

ஏடு கைமாறாததுபோலவே ஓய்வூதியமும் கைமாறவில்லை. வறுமையிலும் நோயிலும் வாடிய முன்னாள் ஏபிஏ ஆட்டக்காரர்களுக்காகப் பல ஆண்டுகள் சிலர் வாதாடிய பிறகு, 2022இல் என்பிஏவும் ஆட்டக்காரர் சங்கமும் ஏறத்தாழ 115 பேருக்கு 24.5 மில்லியன் டாலர் ஒதுக்கின. ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் சராசரியாக 3,828 டாலர் வீதம் ஆண்டுதோறும் கிடைக்கும். லீக் கலைந்து அப்போது 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் இறந்துபோனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், காலம் தாழ்ந்த அங்கீகாரம் எவ்வளவு கொடுமையானது என்பது உறைக்கும்.

ஆசியாவின் மேதைகள்

நமக்குப் பக்கத்திலேயே இருந்தவர்களை நாம் அறியாததற்குக் காரணம் எளியது. நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்து சேர்ந்தது அமெரிக்க ஆட்டம். அதற்கு முந்தைய ஆசிய ஆட்டம் வந்து சேரவில்லை. 

பிலிப்பீன்ஸின் கார்லோஸ் லொய்சாகா 1951 முதல் 1962 வரை ஆசிய விளையாட்டுகளில் நான்கு தங்கம் வென்ற அணியின் தூண். 1954இல் ரியோ டி ஜனேரோவில் நடந்த உலகப் போட்டியில் பிலிப்பீன்ஸ் வெண்கலம் வென்றது. ஆண்கள் உலகப் போட்டியில் ஆசிய அணி ஒன்று இன்றுவரை அதைவிட மேலே போனதில்லை. அந்தப் போட்டியின் சிறந்த ஐவரில் ஒருவராக லொய்சாகா தேர்ந்தெடுக்கப்பட்டார். அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் புகழ்க்கூடம் அவரை 2023இல் சேர்த்தது. அவர் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தென்கொரியாவின் ஷின் டோங்-பா, 1969இல் பேங்காக்கில் நடந்த ஆசிய வெற்றியாளர் போட்டியில் பிலிப்பீன்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்தார். மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலம் அது. மறு ஆண்டு உலகப் போட்டியில் ஆட்டத்துக்குச் சராசரியாக 32.6 புள்ளிகள் எடுத்து முதலிடம் பிடித்தார். அவரிடம் தோற்ற பிலிப்பீன்ஸ் ரசிகர்களே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்பது அந்த நாட்டின் கூடைப்பந்துப் பற்றுக்குச் சான்று. தென்கொரியாவின் பார்க் ஷின்-ஜா, 1967இல் பிராக் நகரில் நடந்த பெண்கள் உலகப் போட்டியில் மிகச் சிறந்த வீராங்கனை விருதைப் பெற்றார். தங்கம் வென்றது சோவியத் அணி; விருது போனது வெள்ளி வென்ற அணியின் வீராங்கனைக்கு. அதிலிருந்தே அவருடைய ஆட்டத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

தமிழர்களுக்கு மேலும் நெருக்கமான பெயர் அனிதா பால்துரை. சென்னையில் பிறந்து, 19 வயதில் இந்திய அணியின் தலைவியாகி, 18 ஆண்டுகள் நாட்டுக்காக ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோதுதான் தமிழ் வாசகர்கள் பலர் அவர் பெயரை முதன்முறையாகப் படித்தார்கள். கிரிக்கெட்டில் அதில் பத்தில் ஒரு பங்கு காலம் ஆடியவர்களின் சாதகக் கட்டம் வரை நாம் அறிந்து வைத்திருக்கிறோம்.

தேடுகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

மீட்டெடுக்கும் ஆர்வத்தில் மிகைப்படுத்துவதும் நடக்கிறது. என்பிஏ தேர்ந்தெடுத்த முதல் பெண் ஹாரிஸ் என்று பலர் எழுதுகிறார்கள். 1969இலேயே சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அணி டெனிஸ் லாங் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. லீக் தலைமை அதைச் செல்லாது என்று அறிவித்தது. ஆகவே, அதிகாரபூர்வமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் என்று எழுதுவதே சரி.

தெருவோர ஆட்டக் கதைகளில் இன்னும் கவனம் தேவை. ஹார்லெமின் ஏர்ல் மேனிகால்ட் வளையப் பலகையின் உச்சியிலிருந்து காசை எடுப்பார் என்ற கதை பரவலானது. வளையத்தின் உயரம் 3.05 மீட்டர், பலகையின் உச்சி ஏறத்தாழ 3.96 மீட்டர். 185 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் அதைத் தொட ஒன்றரை மீட்டருக்கு மேல் எகிறவேண்டும். மேனிகால்ட் அபாரமான ஆட்டக்காரர் என்பதற்குக் கண்டவர்களின் சாட்சி போதும். நடக்க இயலாத கதையைச் சேர்த்தால் நடந்தவற்றின் மீதும் ஐயம் விழுகிறது.

சிங்கப்பூரின் ஏடு

சிங்கப்பூர் ஆண்கள் அணி ஒலிம்பிக் கூடைப்பந்தில் ஒரே ஒரு முறை ஆடியிருக்கிறது. 1956, மெல்பர்ன். பில் ரசல் அமெரிக்காவுக்கு ஆடித் தங்கம் வென்ற அதே போட்டி. 15 அணிகளில் சிங்கப்பூர் 13ஆவது இடம் பெற்றது. தன்னாட்சிகூட முழுமையாகப் பெறாத ஒரு காலனியின் அணி அது. கோ தாய் சுவென், வீ தியன் சியாக், யீ டிட் குவான் போன்ற பெயர்கள் ஒலிம்பிக் பட்டியலில் இருக்கின்றன. அடுக்குமாடி வட்டாரங்களின் கூடைப்பந்துத் திடல்களில் மாலைதோறும் ஆடும் பிள்ளைகளுக்கு என்பிஏ நட்சத்திரம் ஸ்டீஃபன் கரியின் எறிமுறை மனப்பாடம். இந்தப் பெயர்களில் ஒன்றும் தெரியாது.

இங்கே ஏட்டின் எல்லையாக அமைந்தது மொழி. கூடைப்பந்து இங்கு வேரூன்றியது பெரிதும் சீனப் பள்ளிகளிலும் சீனச் சங்கங்களிலும். அதன் செய்திகள் நன்யாங் சியாங் பாவ், சின் சியூ ஜிட் போ போன்ற சீன நாளிதழ்களில் விரிவாக வந்தன. மற்ற மொழி வாசகர்களின் கவனம் காற்பந்திலும் ஹாக்கியிலும் இருந்தது. ஆங்கிலத்தில் மட்டும் தேடும் இன்றைய ஆய்வாளருக்கு இதனால் பாதிக்குமேல் கிடைக்காமல் போகும். 

தேடல் எங்கே சிக்குகிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் நான்கு மொழிப் பழைய நாளிதழ்களும் மின்பதிவாக உள்ளன. தமிழ் முரசும் அதில் உண்டு. ஒரே சீனக் குடும்பப் பெயர் ஹொக்கியன் பேச்சில் ‘டான்’ என்றும், கான்டனீஸில் ‘சான்’ என்றும், மாண்டரினில் ‘சென்’ என்றும் எழுதப்படும். ஆங்கில நாளிதழ் ஒரு விதமாகவும், ஆட்டச் சீட்டு இன்னொரு விதமாகவும், ஒலிம்பிக் பட்டியல் மூன்றாவது விதமாகவும் எழுதியிருந்தால், ஒரே ஆட்டக்காரர் மூன்று பேராகப் பிரிந்துவிடுவார். மூவரில் ஒருவருக்கும் முழு வாழ்க்கை இருக்காது.

இந்தச் சிக்கல் தமிழர்களுக்குப் புதிதன்று. தலைப்பெழுத்தோடு எழுதும் நம் பெயர்களில், தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்ட நிருபரின் கையில் மகன் மறைந்து தந்தை ஆடியதாகப் பதிவாகிவிடும். நம் பள்ளி அணிகளிலும் சீருடைப் படை அணிகளிலும் கூடைப்பந்தோ ஹாக்கியோ ஆடிய தமிழர்களைத் தேடுகிறவர்கள், தந்தை பெயர், தலைப்பெழுத்து, வீட்டில் அழைத்த பெயர் ஆகிய மூன்றையும் தனித்தனியே தேடவேண்டியிருக்கும்.

1956இல் இருபது வயதில் ஆடியவர் இன்று தொண்ணூறை ஒட்டியிருப்பார். சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் முதியவர்களின் நினைவுகளைக் குரல் வடிவில் பதிந்து வருகிறது. எந்த எழுத்துக்கூட்டலில் எந்த மொழி நாளிதழில் பெயர் வந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் ஆட்டக்காரரும் அவர் வீட்டாரும்தான். அலமாரியில் கிடக்கும் குழுப்படத்தை எடுத்து, நிற்கிற வரிசையிலும் உட்கார்ந்திருக்கிற வரிசையிலும் யார் யார் என்று இடமிருந்து வலமாகக் கேட்டு, அவர்கள் உச்சரிக்கிறபடியே பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்துவிட்டு, அதன்பிறகு நூலகத் தளத்தைத் திறப்பதே சரியான வரிசை.